உங்களுக்குத் தெரியுமா? பத்துப் பேர், ஒரு வாள், அரை நிமிட மூச்சு

மாதுங்கா அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த மும்பைத் தமிழர்களுக்கு வாள்சண்டை புதிதல்ல. கதாநாயகன் ஒருவன், எதிரே இருபது பேர். கடைசி ஆள் விழும்வரை அவன் கை சலிப்பதே இல்லை. நிஜத்தில் ஒரு மனித உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்? பலர் சூழ்ந்துகொண்டால் உண்மையான வீரர்கள் என்ன செய்தார்கள்? இந்த வாரத் துணுக்குகள் எல்லாம் அதைப் பற்றித்தான்.

● முழு வேகத்தில் வாள் வீசத் தொடங்கினால், தசைக்குள் தயாராக இருக்கும் உடனடிச் சக்தி சுமார் 10 நொடிக்குத்தான் வரும். நூறு மீட்டர் ஓட்டக்காரர் எல்லைக் கோட்டைத் தொடும் நேரம் அது. அதன்பின் ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சர்க்கரையை எரித்து உடம்பு ஒன்றிரண்டு நிமிடம் இழுத்துப் பிடிக்கும். அதற்குள் தோள் கடுத்துவிடும், மூச்சு இரைக்கும், வீச்சின் வேகம் குறையும். ஆனால் சண்டையிலிருந்து விலகி அரை நிமிடம் நிற்க முடிந்தால், செலவான அந்த முதல் கையிருப்பில் ஏறத்தாழ பாதி திரும்பிவிடும். முழுதும் திரும்பச் சில நிமிடங்கள் வேண்டும். ஒருவன் பலரை எதிர்த்து நின்ற கதை எதைப் படித்தாலும் இந்த அரை நிமிடத்தை நினைவில் வையுங்கள். அதை அவனுக்கு யார் கொடுத்தார்கள், எது கொடுத்தது என்று தேடினால் அந்தச் சண்டை எப்படி நடந்தது என்பது புரியும்.

● வாள் பத்துக் கிலோ, பதினைந்து கிலோ இருக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போரில் புழங்கிய தல்வார் என்னும் வளைவாள் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருந்தது. ஐரோப்பியர்களின் நீண்ட இருகை வாளும் ஒன்றேகால், ஒன்றரை கிலோதான். பிறகு ஏன் களைப்பு? செம்பூர் டயமண்ட் கார்டனில் காலை நடை போகிறவர்கள் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய், கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி அசையாமல் பிடித்துப் பாருங்கள். இறுகிய தசை தன் ரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. ரத்தம் ஓடாத இடத்தில் களைப்பு சீக்கிரம் வந்துவிடும். வாள் வீரனுக்கு முதலில் தளர்வது பெரும்பாலும் தோளும் முன்கையும்தான். பிடி தளர்ந்துவிட்டால், எத்தனை கூரான வாளாக இருந்தும் பயனில்லை.

● சென்னை வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த பவானி தேவி 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் களமிறங்கினார். ஒலிம்பிக் வாள்வீச்சில் இந்தியாவின் முதல் வீராங்கனை அவர்தான். முதல் ஆட்டத்தில் துனிசியாவின் நாடியா பென் அஜிஜியை 15-3 என்று வென்றார். அவர் கையில் இருந்த சேபர் வாளின் எடை விதிப்படி 500 கிராமுக்குள் இருக்க வேண்டும். எதிரில் நிற்பவர் ஒரே ஒருவர். ஒவ்வொரு மோதலும் சில நொடிகளில் முடிந்துவிடும், நடுவர் நிறுத்துவார், இருவரும் தங்கள் கோட்டுக்குத் திரும்புவார்கள். யாராவது ஒருவர் 8 புள்ளியைத் தொட்டதும் ஒரு நிமிட ஓய்வு. இவ்வளவு இடைவெளி இருந்தும் ஆட்டம் முடிந்து முகக்கவசத்தைக் கழற்றும்போது வீராங்கனைகளின் மூச்சைப் பாருங்கள்! ஆண்டுக்கணக்கில் பயின்ற உலகத்தர உடம்புக்கே இந்த நிலை.

● 2011இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 15ஆம் நூற்றாண்டு இரும்புக் கவசத்தின் நகல்களை ஆட்களுக்கு அணிவித்து டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். கவசத்தின் எடை 30 முதல் 50 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு நடக்க, வெற்றுடம்போடு நடப்பதைவிட இரு மடங்குக்கும் மேல் சக்தி செலவானது. காலில் கட்டிய இரும்பை ஒவ்வோர் எட்டிலும் தூக்க வேண்டியிருந்தது அதற்கு ஒரு காரணம். மார்புக் கவசம் இறுக்கியதால் ஆழ்ந்து மூச்சிழுக்கவும் முடியவில்லை, சின்னச் சின்ன மூச்சாகவே வந்தது. சஹ்யாத்திரி மலைச்சரிவில் ஓடிய சிவாஜியின் மாவளத்து வீரர்கள் ஏன் இலேசான உடுப்போடு போருக்குப் போனார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

● கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொரு எதிரியும் உண்டு. வியர்வை சுரந்தால் மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாகப் போனால்தான் குளிரும். மும்பையின் மே, ஜூன் மாதக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர காய்வதில்லை. உள்சூடு ஏறும், இதயம் தோலுக்கும் தசைக்கும் சேர்த்து ரத்தம் இறைக்க வேண்டியிருக்கும், களைப்பு இன்னும் சீக்கிரம் வரும். தாராவியில் தகரக் கூரையின் கீழ் வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

● ஒரு மனிதனைச் சூழ்ந்து நூறு பேர் நின்றாலும், ஒரே நேரத்தில் வாளெட்டும் தூரத்தில் நின்று வீசக்கூடியவர்கள் மூன்று நான்கு பேர்தான். அதற்கு மேல் நெருங்கினால் ஒருவர் வீச்சு அடுத்தவர் மேல் படும். சினிமாவில் அடியாட்கள் ஒவ்வொருவராக வருவது பொய் என்கிறோம். மூன்று பேர் சேர்ந்து வருவதே நிஜம், அந்த மூவரே ஒருவனுக்குப் போதும். முன்னால் இருப்பவன் வாளைத் தடுக்கும் நொடியில் பின்னால் இருப்பவன் குத்திவிடுவான். ஆகவே பலரை எதிர்ப்பவனின் முதல் வேலை யாரையும் வெட்டுவது அல்ல. முதுகுப்பக்கம் யாரும் வராத இடத்தைப் பிடிப்பதுதான்.

● அப்படிப் பிடித்த இடங்களில் மகாராஷ்டிரம் முழுக்க அறிந்தது கோட்கிண்ட். 1660 ஜூலை 12ஆம் தேதி இரவு, கொட்டும் மழையில், சித்தி ஜௌஹரின் முற்றுகையிலிருந்து தப்பிச் சிவாஜி பன்ஹாளா கோட்டையை விட்டு வெளியேறுகிறார். சேர வேண்டிய விஷால்கட் அறுபது கிலோமீட்டருக்கு மேல். சிவாஜியைப் போல வேடமிட்டுப் பல்லக்கில் போன சிவா காஷித் பிடிபட்டு உயிரைக் கொடுக்கிறார். உண்மை தெரிந்ததும் முற்றுகைப் படையின் சித்தி மசூத் துரத்துகிறான். இரவெல்லாம் சேற்றிலும் காட்டிலும் ஓடிய கால்களோடு கோட்கிண்ட் என்ற குறுகிய கணவாயில் நின்றுகொள்கிறார் சிவாஜியின் வீரர் பாஜி பிரபு தேஷ்பாண்டே. அவரோடு பாந்தல் படையினர் சுமார் 300 பேர். விஷால்கட்டில் பீரங்கி முழங்கும்வரை, அதாவது சிவாஜி பத்திரமாகச் சேர்ந்த செய்தி வரும்வரை, வழியை விட மாட்டேன் என்பது அவர் கொடுத்த வாக்கு.

பாஜி பிரபு இரு கைகளிலும் வாளேந்தி மணிக்கணக்கில் போரிட்டார் என்று போவாடா என்னும் மராத்தி வீரப் பாடல்கள் பாடுகின்றன. பத்து நொடிக் கையிருப்புள்ள உடம்பு மணிக்கணக்கில் எப்படி நின்றது? விடை அந்த இடத்தில் இருக்கிறது. கணவாய் குறுகலானது, ஆயிரம் பேர் வந்தாலும் முன்வரிசையில் சிலரே நிற்க முடியும். அந்தச் சிலரைத் தள்ளிவிட்டால், அடுத்த கூட்டம் ஏறி வருவதற்குள் ஓர் இடைவெளி கிடைக்கும். முன்னால் நின்றவன் பின்னால் போவான், பின்னால் மூச்சு வாங்கியவன் முன்னால் வருவான். அந்த அரை நிமிடத்தை மலையும், பக்கத்தில் நின்ற பாந்தல் படையினரும் மாறி மாறிக் கொடுத்தார்கள். கடைசியில் பாஜி பிரபு அங்கேயே விழுந்தார், அவருடைய அண்ணன் ஃபுலாஜியும் அந்தப் போரில் மாண்டார். சிவாஜி விஷால்கட் சேர்ந்தார். கோட்கிண்டுக்கு இன்று பாவன் கிண்ட் என்று பெயர். ஒரே ஆள் ஒரு படையை நிறுத்தினார் என்று சொல்வதைவிட, களைத்துப்போன முந்நூறு பேர் ஒருவருக்கொருவர் மூச்சைப் பங்கிட்டு நின்றார்கள் என்று சொல்வதுதான் அவர்களுக்குப் பெரிய மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

● இந்த நிலைமைக்கு நம் தொல்காப்பியத்தில் தனி இடமே இருக்கிறது. புறத்திணையியலில் தும்பைத் திணையின் துறைகளைச் சொல்லும்போது, தன் படை உடைந்து பின்வாங்க, பின்னணியைத் தாங்கித் தனியே எதிர்த்து நிற்பவனின் நிலையை ‘எருமை’ என்று வகுத்திருக்கிறார்கள். பகைவர் தன் அரசனைச் சூழ்ந்துகொண்டபோது பாய்ந்து சென்று காக்கும் ஒருவனின் நிலை ‘தார்நிலை’. இரண்டிலும் வீரனுக்கு ஒரு வேலை இருக்கிறது: பின்னால் போகிறவர்களுக்கு நேரம் வாங்கித் தருவது, அல்லது சிக்கிய தலைவனை மீட்பது.

● 1674 பிப்ரவரி 24. கோலாப்பூர் மாவட்டத்து நேசரி. மராட்டியத் தளபதி பிரதாப்ராவ் குஜர் ஆறே ஆறு பேரை அழைத்துக்கொண்டு எதிரித் தளபதி பஹ்லோல் கானின் படைக்குள் குதிரையைச் செலுத்தினார். கணவாய் இல்லை, மதில் இல்லை, மாற்று ஆள் இல்லை. ஏழு பேரும் இறந்தார்கள். குசுமாக்ரஜ் எழுதி லதா மங்கேஷ்கர் பாடிய கவிதையாக அது மராத்தி வீடுகளில் இன்றும் ஒலிக்கிறது.

● பிரதாப்கட் சந்திப்பு, 1659 நவம்பர் 10. அஃப்சல் கானைச் சிவாஜி வீழ்த்திய கதை எல்லோருக்கும் தெரியும். அடுத்த நொடி என்ன நடந்தது? கானின் மெய்க்காவலன் சய்யத் பண்டா சிவாஜி மேல் வாளை ஓங்கினான். ஓங்கிய கையை வெட்டியவர் ஜீவா மஹாலா. ‘ஜீவா இருந்தான், அதனால் சிவா பிழைத்தான்’ என்று மராத்தியில் ஒரு வழக்கே உண்டு. முதுகைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்ததால் நிகழ்ந்தது அது.

● தாராவியில் ஒரு கோட்டை இருக்கிறது! காலா கில்லா என்று பஸ் நிறுத்தத்தின் பெயராக மட்டுமே பலர் அறிந்திருப்பது, 1737இல் பம்பாய் கவர்னர் ஜான் ஹார்ன் காலத்தில் மித்தி ஆற்றங்கரையில் கட்டிய ரீவா கோட்டை. அதே ஆண்டில்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சால்செட் தீவுக்குள் மராட்டியர்கள் புகுந்தார்கள். குறைந்த ஆட்களை வைத்து நிறையப் பேரைத் தடுக்கத்தான் கோட்டை. மராட்டியர்கள் இதில் இன்னும் நுட்பமாகப் போனார்கள். ராய்கட்டின் மகா தர்வாஜா நேரே தெரியாது. இரு கொத்தளங்களுக்கு இடையில் வளைந்து போகும் சந்துக்குள் ஒளிந்திருக்கும். கோமுகி அமைப்பு என்பார்கள். யானை ஓடி வந்து முட்ட இடம் கிடையாது, படை மொத்தமாக நுழைய வழி கிடையாது. கோட்கிண்டில் மலை செய்ததைக் கல்லால் கட்டி வைத்திருக்கிறார்கள்.

● பலரை எதிர்க்கவென்றே பேர்போன ஆயுதம் தாண்ட்பட்டா. முழங்கைவரை வரும் இரும்பு உறையும் நீண்ட நேர்வாளும் ஒன்றாகவே அடிக்கப்பட்டவை. உறைக்குள் இருக்கும் குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டைத் திருப்பவே முடியாது, அதனால் வீச்சு முழுவதும் தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வரும். விரல்கள் சோர்ந்தாலும் ஆயுதம் கையை விட்டு நழுவாது. களைப்புக்குக் கொல்லன் கொடுத்த பதில் இது என்பது என் எண்ணம். பட்டாவைப் பார்க்கக் கோலாப்பூர்தான் போக வேண்டும் என்றில்லை. தஞ்சை மராட்டிய மன்னர்களின் ஆயுதசாலையிலும் இவை இருந்தன. பிரிட்டிஷார் அரண்மனையை எடுத்துக்கொண்டபின் அந்த ஆயுதசாலை கலைக்கப்பட்டது, அதில் ஒரு பகுதிதான் இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

● சிலம்பக் கம்புக்கு அலகும் இல்லை, கூரும் இல்லை. ஆனால் சுற்றி நிற்பவர்களை விலக்கி வைப்பதில் வாளை விட மேலானது அது. நிமிர்ந்து நின்றால் நெற்றி அளவு வரும் மூங்கில், இரு முனையும் வேலை செய்யும். சுழற்சியில் இருக்கும் கம்பை நிறுத்தித் திரும்ப ஓங்குவதைவிட, சுழற்சி குறையாமல் திசை மாற்றுவதற்குச் செலவு குறைவு. கம்பின் ஓட்டமே பாதி வேலையைச் செய்துவிடும். கம்பு எட்டும் வட்டத்துக்குள் யாரும் வரத் தயங்கும் அந்த நேரம் இருக்கிறதே, அதுதான் ஆட்டக்காரன் மூச்சு வாங்கும் நேரம். ஆசான்கள் மாதக்கணக்கில் காலடியையே போட்டுப் பழக்குவதற்கும் காரணம் உண்டு. கூட்டத்தில் நிற்கிற கால் சிக்கிக்கொள்ளும், நகர்கிற கால் வழி கண்டுபிடிக்கும். மும்பையில் சிலம்பம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் கம்பு சுற்றும் அழகுக்கு ஆசைப்பட்டுக் காலடியைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

● சுருள்வாளும் அப்படித்தான். சுழன்றுகொண்டே இருக்கும்வரை நாலு பக்கமும் பாதுகாப்பு, நின்றால் வெறும் தகடு. தோழர்கள் பக்கத்தில் நின்றால் அவர்களுக்கே ஆபத்து என்பதால், தனியாக மாட்டிக்கொண்டவனின் ஆயுதம் அது.

● ஜப்பானிய வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி 1645இல் முடித்த ‘ஐந்து வளையங்களின் நூல்’ பலரை ஒருவன் எதிர்ப்பதற்குத் தனிப் பகுதியே ஒதுக்குகிறது. இரண்டு வாளையும் உருவிக்கொள், ஆனால் நடுவில் நிற்காதே, அவர்களை ஒரு பக்கமாக ஓட்டிக்கொண்டு போய் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வரும்படி செய் என்பது அவர் உபதேசத்தின் சாரம். நாலு பேரை எதிர்ப்பதை, ஒருவரை நாலு முறை எதிர்ப்பதாக மாற்றிக்கொள்ளும் வழி. பக்கம் பக்கமாக வீரம் பேசியிருக்கலாம், அவர் பேசியதோ இடம் மாறுவதைப் பற்றி.

● படைகள் மோதினால் இரு வரிசையும் காலையிலிருந்து மாலைவரை இடைவிடாமல் வெட்டிக்கொள்ளும் என்பதும் திரையில் பார்த்துப் பழகியதுதான். ரோமானியப் போர்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பிலிப் சாபின், வரிசைகள் சிறிது நேரம் மோதி, விலகி, சில அடி தூரத்தில் நின்று கூச்சலிட்டு, எறியாயுதம் எறிந்து, மறுபடி மோதியிருக்க வேண்டும் என்று வாதிடுகிறார். உடம்பால் வேறு எப்படியும் முடியாது என்பது அவர் வாதத்தின் ஒரு தூண்.

● இனி சினிமா. 1948இல் ஜெமினி வாசன் எடுத்த ‘சந்திரலேகா’வின் உச்சக்கட்டத்தில் எம்.கே.ராதாவும் ரஞ்சனும் மோதும் வாள்சண்டை, இந்திய சினிமாவின் மிக நீண்ட வாள்சண்டைகளில் ஒன்று. ரஞ்சன் வாள்வீச்சை முறையாகப் பயின்றவர். அதே ஆண்டு இறுதியில் படம் இந்தியில் வெளியாகி நாடெங்கும் ஓடியது. அடுத்து ‘நிஷான்’, ‘மங்களா’ என்று ரஞ்சன் இந்தி ரசிகர்களின் வாள் நாயகனாகவே ஆகிவிட்டார். பம்பாய்த் திரையில் ஒரு தமிழர் வாளால் பெற்ற இடம் அது, இன்றைய மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அவர் பெயரே தெரியாதிருப்பது எனக்கு வருத்தம்.

● அவருக்கும் முன்னால், 1935இல், வாடியா மூவிடோன் தயாரித்த ‘ஹண்டர்வாலி’யில் சாட்டையோடு வந்து ஆண்களைக் கூட்டம் கூட்டமாக விரட்டியவர் ‘ஃபியர்லெஸ்’ நாடியா. சர்க்கஸில் உடம்பைப் பழக்கியவர், பயங்கரச் சாகசங்களையும் பெரும்பாலும் டூப் இல்லாமல் தாமே செய்தார்.

● திரைச் சண்டையில் அந்த அரை நிமிடத்தைக் கொடுப்பது காமிரா. ஒரு ஷாட் சில நொடிகள், பிறகு ‘கட்’. விளக்கை மாற்றுவார்கள், நடிகர் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார், மறுபடி முழு வேகத்தில் பத்து நொடி. பார்க்கிற நமக்கு இடைவெளி தெரியாது. ஆனால் சுற்றி விழுகிற ஸ்டண்ட் கலைஞர்களை எண்ணிப் பாருங்கள். நாயகனின் வீச்சு எங்கே வரும் என்று கணக்கிட்டு, அவர் தவறினாலும் அடிபடாமல், அடிபட்டது போல விழுந்து, காமிராவுக்கு அந்தப் பக்கம் ஓடி வந்து மறுபடி இன்னொரு ஆளாக நுழைய வேண்டும். ‘நாடோடி மன்னன்’ போன்ற படங்களில் எம்.ஜி.ஆர். வாள் பளிச்சிட்டதற்கு எதிரில் நின்றவர்களின் திறமையும் பாதிக் காரணம். போஸ்டரில் அவர்கள் பெயர் வந்ததில்லை.

● அந்தக் கால வீரர்கள் மூச்சை எப்படிப் பழக்கினார்கள்? நம்மூரில் கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி. கர்லாவைத் தோளுக்குப் பின்னால் சுற்றி முன்னால் கொண்டுவரும் அசைவும் வாள் வீச்சின் அசைவும் ஏறக்குறைய ஒன்றே. அதை நூற்றுக்கணக்கில் செய்து பழகிய தோள் சீக்கிரம் கடுக்காது. மகாராஷ்டிரத்தில் மல்லகம்பம். இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் ஆசான் பாலம்பட் தாதா தேவ்தர் அதற்குப் புத்துயிர் கொடுத்தார். மாதுங்காவிலிருந்து நடந்தே போகலாம் சிவாஜி பார்க்குக்கு. அங்கே 1925இல் தொடங்கிய ஸ்ரீ சமர்த்த வியாயாம மந்திரில் இன்றும் சிறுவர் சிறுமியர் எண்ணெய் தடவிய கம்பத்தில் ஏறுகிறார்கள். தன் எடை முழுவதையும் பிடியிலும் தொடையிலும் தாங்கிப் பழகிய பிள்ளைக்கு ஒரு கிலோ வாளின் கைப்பிடி பெரிய விஷயமாக இருக்காது.



● தென்மும்பையில், 1922இல் திறந்த பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம், இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரஹாலயம். அதன் ஆயுதக் கூடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால், வாளின் அலகை விட்டுவிட்டுக் கைப்பிடியைக் காட்டுங்கள். தல்வாரின் பிடி நம் கைக்கே இறுக்கமாக இருக்கும், கீழே ஒரு வட்டத் தட்டு வேறு. அந்தக் காலத்து மனிதர்கள் சின்னக் கைக்காரர்கள் என்று சிலர் விளக்குவார்கள், அது சரியல்ல. இறுக்கமான பிடியில் மணிக்கட்டு அதிகம் மடங்காது, வட்டத் தட்டு அதைத் தடுத்து நிறுத்தும். அதனால் வாளை ஓங்கி அடிக்காமல் தோளிலிருந்து இழுத்து அறுக்க வேண்டியிருக்கும். வளைந்த அலகு இழுத்தாலே ஆழமாக அறுக்கும், அடிக்கிற பலம் அவ்வளவு தேவையில்லை. அதே கூடத்தில் நேர்வாள் ஒன்றையும் தேடிப் பார்த்து, இரண்டின் பிடியையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.